கணக்குக் கேட்ட பெரியவர்

நாட்டின் வரவு செலவுத் திட்டம் வெளியாகும் நாளில் இரு சாராரைக் காணலாம். தலைநகரில் அமர்ந்து கணக்கெழுதுவோர் ஒரு சாரார். அந்தக் கணக்கு தம் வீட்டு அடுப்பில் என்னவாக வந்து முடியும் என்று பார்ப்போர் மற்றொரு சாரார். முன்னவர் கண்ணுக்குக் கடனும் வட்டியும் படைச் செலவும் பற்றாக்குறையும் பெரிதாகத் தெரிகின்றன. பின்னவர் கண்ணுக்கு அரிசியும் உப்பும் துணியும் கூலியும் பெரிதாகத் தெரிகின்றன. இருவரும் ஒரே நாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் வரிசை மாறிவிடுகிறது. எது முதலில், எது பிறகு என்ற இந்த வரிசைச் சிக்கலே பொருளாதாரக் கொள்கையின் உயிர்நாடி என்பது பொருளியல் மாணவனாகிய என் கருத்து.

இந்தியாவில் இந்தச் சிக்கலை எண்களால் அளந்து ஆள்வோர் முன் நீட்டிய முன்னோடி தாதாபாய் நவ்ரோஜி. நம் பாடநூல்கள் அவருக்கு ஒதுக்கியிருப்பவை இரண்டே வரிகள். செல்வ வடிகால் கோட்பாட்டை வகுத்தவர் என்பது ஒன்று. இந்தியாவின் நாட்டு வருமானத்தை முதன்முதலில் மதிப்பிட்டவர் என்பது மற்றொன்று. இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இவ்வளவு போதும். ஆனால் ஒரு மனிதர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக் காலம் ஒரே கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார் என்றால், அது இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடாது. அவருடைய வாழ்க்கையை அந்தக் கேள்வியின் வழியாகவே ஈண்டு எழுத முற்படுகிறேன்.

ஊரார் பணத்தில் கற்ற கல்வி

தாதாபாய் 1825ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயில் ஓர் ஏழைப் பார்சிப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு நான்கு வயதானபோது தந்தை காலமானார். எழுத்தறிவில்லாத தாயார் மாணெக்பாய் தம் உழைப்பாலேயே மகனை வளர்த்துப் பள்ளிக்கு அனுப்பினார். கட்டணம் செலுத்த வேண்டியிருந்திருந்தால் அந்தப் பிள்ளையின் படிப்பு தொடக்கத்திலேயே நின்றிருக்கும். நல்லூழாக அப்போது கட்டணமில்லாக் கல்வி கிடைத்தது. எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் கணிதத்தில் சிறந்து விளங்கினார். முப்பது வயதை எட்டும் நேரத்தில் அதே கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பேராசிரியரானார். அங்கே அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே.

தம் கல்விக்கான செலவை ஏழை மக்களின் வரிப்பணம் ஏற்றது என்ற உணர்வு அவருக்கு இளமையிலேயே பிறந்துவிட்டது. வாங்கிய கடனைத் திருப்பித் தர வேண்டும் என்பதுபோல் அவர் பொதுப்பணியில் இறங்கினார். 1849இல் நண்பர்களோடு சேர்ந்து பம்பாயில் பெண்களுக்குப் பள்ளிகள் தொடங்கினார். 1851இல் ராஸ்த் கோஃப்தார் என்னும் குஜராத்தி இதழை நிறுவினார். அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் நமக்கு இந்தக் கடனுணர்வு புரியாத ஒன்றன்று. என் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். நான் செலுத்தும் கட்டணம் என் படிப்புக்காகும் செலவில் ஒரு சிறு பகுதிதான். மீதியைத் தருவோர் கல்லூரி வாசலையே பார்த்திராதவர்களாகவும் இருக்கலாம்.

1855இல் காமா குடும்பத்தாரின் வணிக நிறுவனத்தில் பங்காளியாக தாதாபாய் இங்கிலாந்து சென்றார். அபினி, மது ஆகியவற்றில் வந்த வருவாய் அவருக்கு ஒவ்வாததால் சில ஆண்டுகளில் விலகித் தனியே வணிகம் தொடங்கினார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் குஜராத்திப் பேராசிரியராகவும் இருந்தார். ஆனால் அவர் மனம் வணிகத்திலும் இல்லை, வகுப்பறையிலும் இல்லை. கடல் கடந்து போய்க்கொண்டிருந்த இந்தியப் பணத்தின் பின்னாலேயே அது போய்க்கொண்டிருந்தது.

இருபது ரூபாய்

1866இல் ஒரிசாவில் கடும் பஞ்சம் வந்தது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர். அடுத்த ஆண்டே லண்டனில் துருக்கி சுல்தானுக்கு ஆடம்பர நடன விருந்து நடந்தது. அந்த விருந்தின் செலவு இந்தியாவின் கணக்கில் எழுதப்பட்டது! அபிசீனியாவில் பிரிட்டன் நடத்திய போருக்கு அனுப்பப்பட்ட இந்தியப் படையின் வழக்கமான சம்பளத்தையும் இந்தியாவே ஏற்க வேண்டியிருந்தது. இவற்றோடு லண்டன் இந்திய அமைச்சகத்தின் செலவு, ஓய்வுபெற்ற ஆங்கில அதிகாரிகளின் ஓய்வூதியம், இருப்புப்பாதைக் கம்பெனிகளுக்கு உறுதியளிக்கப்பட்ட ஐந்து விழுக்காடு வட்டி ஆகியவையும் சேர்ந்து ஆண்டுதோறும் கப்பலேறின. ஈடாக ஒன்றும் திரும்பி வராத இந்தப் போக்கையே நவ்ரோஜி செல்வ வடிகால் என்றார். 1866இல் அவர் லண்டனில் நிறுவிய கிழக்கிந்தியச் சங்கத்தில் மறு ஆண்டே இதுபற்றிக் கட்டுரை படித்தார்.

பேச்சால் மட்டும் ஆள்வோரை அசைக்க முடியாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். இந்தியா செழித்து வருகிறது என்று அதிகாரிகள் கூறினர், புள்ளிவிவரங்களையும் காட்டினர். எனவே அந்தப் புள்ளிவிவரங்களையே அவர் கையிலெடுத்தார். மாகாண நிர்வாக அறிக்கைகளிலிருந்து சாகுபடிப் பரப்பையும் விளைச்சலையும் விலையையும் தொகுத்தார். அப்போது அதிகாரிகளின் கணக்கில் ஒரு பெரும் பிழை அவர் கண்ணில் பட்டது. கணிதப் பேராசிரியர் அல்லவா!

அதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு மாவட்டத்தில் பத்தாயிரம் மூட்டை நெல் விளைந்து, மூட்டை மூன்று ரூபாய்க்கு விற்கிறது. வேறொரு மாவட்டத்தில் நூறு மூட்டையே விளைந்து, மூட்டை ஆறு ரூபாய்க்கு விற்கிறது. இரண்டு விலைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி நாலரை ரூபாய் வரும். விளைச்சலின் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டால் வருவதோ மூன்று ரூபாய் அரையணா. முதற் கணக்கின்படி உழவன் ஏட்டில் ஒன்றரை மடங்கு செல்வனாகிவிடுகிறான். இத்தகைய சராசரிகளின் மீதுதான் செழிப்பு என்னும் மாளிகை கட்டப்பட்டிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டுச் சுரைக்காய்க்கு வரியும் போட்டார்கள்.

பிழைகளைத் திருத்திய பின் நவ்ரோஜிக்குக் கிடைத்த விடை, 1867-68இல் பிரிட்டிஷ் இந்தியாவில் ஆளுக்கு ஆண்டு வருமானம் சுமார் 20 ரூபாய் என்பது. இந்த இருபது ரூபாயில் ஒரு மனிதன் வாழ முடியுமா? அதையும் அரசின் ஏடுகளிலிருந்தே கண்டறிய முனைந்தார். கடல் கடந்து வேலைக்குச் செல்லும் கூலியாட்களுக்குக் கப்பலில் தரவேண்டிய அரிசி, பருப்பு, இறைச்சி, காய்கறி, நெய், எண்ணெய், உப்பு ஆகியவற்றின் அளவை ஓர் அரசு மருத்துவ அதிகாரி வரையறுத்திருந்தார். சிறைக் கைதிகளின் உணவு, உடைச் செலவும் அறிக்கைகளில் இருந்தது. இவற்றைக் கொண்டு பார்த்தபோது, இடத்துக்கு ஏற்ப ஆண்டுக்கு ஆளுக்கு 16 ரூபாய் முதல் 35 ரூபாய் வரை தேவைப்பட்டது. அதில் திருமணம், திருவிழா, பிள்ளைகளின் படிப்பு, நோய்நொடி எதற்கும் இடமில்லை. சிறைக்கு வெளியே உழைக்கும் குடிமகனின் வருமானம் பல மாகாணங்களில் சிறைக்குள் இருப்பவனின் செலவுக்குக்கூட எட்டவில்லை என்பதே இதன் பொருள்.

அக்காலத்தில் இந்தியரின் கருத்தைக் கேட்க எந்த ஏற்பாடும் இல்லை. வாக்குரிமை இல்லை. சட்டமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தை முறையாக விவாதிக்கும் உரிமைகூட 1892 வரை இல்லை. அதன்பின்னும் அதன் மீது வாக்களிக்கும் உரிமை தரப்படவில்லை. பேச வாயற்ற அந்த மக்களின் சார்பில் விளைச்சலும் விலையும் சோற்று அளவும் சாட்சி சொல்லும்படி செய்தார் நவ்ரோஜி. இதுவே அவர் செய்த பெரும்பணி என்பேன்.

இந்தக் குறிப்புகளை 1873இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இந்திய நிதிக் குழுவிடம் அவர் அளித்தார். குழு வாங்கிக்கொண்டது, ஆனால் தன் அறிக்கையோடு வெளியிடவில்லை. 1876இல் பம்பாயில் அவர் அவற்றைத் தாமே கட்டுரையாகப் படித்து உலகறியச் செய்தார். இடையில் ஏறக்குறைய ஓராண்டு பரோடா சமஸ்தானத்தின் திவானாகவும் இருந்தார்.

யாருக்கு முதலிடம்?

அதே 1876இல் நம் தென்னகத்தைத் தாது வருடப் பஞ்சம் பிடித்தது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்ததாக மதிப்பிடப்படுகிறது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்போது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். செலவைக் குறைப்பதற்கென்றே அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று வரையறுத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதே பஞ்ச காலத்தில், 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியா இந்தியாவின் பேரரசியானதை அறிவிக்கும் தர்பார் டெல்லியில் கோலாகலமாக நடந்தது. அடுத்த ஆண்டு எதிர்காலப் பஞ்சங்களைச் சமாளிக்க என்று சொல்லிப் புதிய வரி போடப்பட்டது. சிறிது காலத்தில் அப்பணம் ஆப்கானிஸ்தானப் போருக்குத் திருப்பப்பட்டதாகப் பலத்த கண்டனம் எழுந்தது.

துணியின் கதை இதைவிடத் தெளிவானது. லங்காஷயர் ஆலைத் துணி இந்தியாவுக்குள் வரும்போது சிறு சுங்கவரி செலுத்தி வந்தது. அந்த வரி கூடாது என்று ஆலை முதலாளிகள் வற்புறுத்தினர். 1879இல் வைசிராய் லிட்டன் பிரபு, தம் நிர்வாகக் குழுவின் பெரும்பான்மையினர் எதிர்த்தும், முரட்டுத் துணிகள் மீதான வரியை நீக்கினார். 1894இல் வருவாய்ப் பற்றாக்குறையால் துணிக்கு மீண்டும் வரி போட நேர்ந்தபோது, அதற்கு ஈடாக இந்திய ஆலைகளின் நூலுக்கும் வரி விதித்தனர். 1896இல் இறக்குமதித் துணிக்கு மூன்றரை விழுக்காடு வரியும், இந்திய ஆலைத் துணிக்கு அதே மூன்றரை விழுக்காடு வரியும் விதிக்கப்பட்டன. 1925இல் நிறுத்தப்படும்வரை இந்த வரி இந்திய ஆலைகளின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது. லங்காஷயரில் வாக்காளர்கள் இருந்தனர். இந்தியாவில் வாக்காளர்கள் இல்லை. விளக்கம் அவ்வளவுதான்.

மறுபுறம் 1888இல் உப்பு வரி மணங்குக்கு இரண்டு ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக உயர்த்தப்பட்டது. கஞ்சி குடிப்பவனுக்கும் உப்பு வேண்டும் என்பது தெரிந்துதான் உயர்த்தினார்கள். எவரும் தப்ப முடியாத வரியே கணக்கெழுதுவோர்க்கு மிக எளிய வரி.

மன்றத்தில் ஒரு குரல்

கேட்க வேண்டிய காது லண்டனில் இருக்கிறது என்றால் அங்கேயே போய்ப் பேசுவது என்று நவ்ரோஜி முடிவு செய்தார். 1886இல் ஹோல்பார்ன் தொகுதியில் போட்டியிட்டுத் தோற்றார். அதே ஆண்டு கல்கத்தாவில் காங்கிரஸ் தலைவரானார். 1888இல் பிரதமர் சாலிஸ்பரி பிரபு அவருடைய நிறத்தைச் சுட்டி இழிவாகப் பேசியது, அவர் பெயரை இங்கிலாந்து முழுவதும் பரப்பியது. 1892இல் லண்டனின் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் விரல் விட்டு எண்ணக்கூடிய வாக்கு வேறுபாட்டில் வென்று, பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கீழவைக்குள் நுழைந்த முதல் இந்தியரானார்.

அங்கே அவர் கண்ட பாடம் கசப்பானது. ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் நடத்துவதுபோல் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்ற தீர்மானம் 1893இல் கீழவையில் நிறைவேறியது. உயர்பதவிகளில் இந்தியர் அமர்ந்தால் சம்பளமும் ஓய்வூதியமும் கடல் கடந்து போகாமல் நாட்டிலேயே தங்கும் என்பது நவ்ரோஜியின் வாதம். அவையே ஏற்ற தீர்மானத்தை ஆட்சியாளர்கள் கிடப்பில் போட்டனர். இந்தியாவில் அத்தேர்வு நடக்க 1922 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்தியாவின் செலவுகளை ஆராய வேண்டும் என்று அவர் இடைவிடாது வற்புறுத்தியதன் பயனாக 1895இல் வெல்பி பிரபுவின் தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. நவ்ரோஜி அதில் உறுப்பினர். இருக்கையை விட்டு இறங்கிச் சாட்சியாகவும் நின்றார். 1897இல் அதன் முன் சாட்சியம் அளிக்கச் சென்ற இந்தியர்களுள் கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோரோடு நம் ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஒருவர். திருவையாற்றில் பிறந்து சுதேசமித்திரனை நிறுவியவர் அவர். 1900இல் அறிக்கை வந்தபோது பெரும்பான்மையினர் சிறு நிவாரணத்தோடு நிறுத்திக்கொண்டனர். நவ்ரோஜி, வெட்டர்பர்ன், கெய்ன் ஆகிய மூவரும் மாறுபட்ட தனி அறிக்கை தந்தனர்.

எண்களின் மீதான போரும் ஓயவில்லை. 1882இல் பேரிங், பார்பர் ஆகிய அதிகாரிகள் ஆளுக்கு 27 ரூபாய் என்றனர். 1901இல் கர்சன் பிரபு 30 ரூபாய் என்றார். அவர்கள் சொன்னதே சரி என்று வைத்துக்கொண்டாலும் மாதம் இரண்டரை ரூபாய்தான்! அந்த 1901ஆம் ஆண்டிலேயே, இந்திய வறுமையையும் பிரிட்டிஷ் பண்புக்கு மாறான ஆட்சியையும் பற்றிய நவ்ரோஜியின் பெருநூல் வெளிவந்தது.

அவர் கணக்கிலும் குறைகள் உண்டு. பயிரும் பொருளும் மட்டுமே உற்பத்தி என்று கொண்டு, சேவைத் தொழில்களின் வருமானத்தை விட்டுவிட்டார். வடிகாலுக்குத் தந்த கவனத்தை உள்நாட்டு நிலக்கிழாருக்கும் லேவாதேவிக்காரருக்கும் தரவில்லை. ஆனால் தம் கணக்கின் ஒவ்வொரு படியையும் அச்சிட்டுப் பிறர் சரிபார்க்கத் திறந்து வைத்தார். ஆள்வோர் கணக்கு மூடிய கோப்பில் உறங்கிய காலத்தில், குடிமகன் ஒருவரின் கணக்கு வெட்ட வெளியில் நின்றது.

கேள்வி மாறியது

தம் நீண்ட வாழ்நாளின் பெரும்பகுதியில் நவ்ரோஜி ஆங்கிலேயரின் நீதியுணர்வை நம்பினார். உண்மை தெரிந்தால் திருத்திக்கொள்வார்கள் என்பது அவர் எண்ணம். உண்மையை எழுதினார், பேசினார், நாடாளுமன்றத்திலேயே வைத்தார். திருந்தவில்லை. ஆள்வோர்க்குக் குறைவாக இருந்தது அறிவன்று. அவர்களை மக்களுக்குக் கட்டுப்படுத்தும் கயிறுதான் இல்லை என்பதை முதுமையில் அவர் உணர்ந்தார். 1904இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய அனைத்துலகச் சோஷலிஸ்டு மாநாட்டில் அவர் பேச எழுந்தபோது அவையோர் எழுந்து நின்று மரியாதை செய்தனர். 1906இல் 81ஆம் வயதில் மூன்றாம் முறையாகக் காங்கிரஸ் தலைமையேற்றுக் கல்கத்தாவில் தன்னாட்சியே, சுயராஜ்யமே குறிக்கோள் என்று அறிவித்தார். உரையை முழுதும் படிக்கக் குரலில் வலுவில்லை, கோகலே படித்தார். வரவு செலவுக் கணக்கில் தொடங்கிய மனிதர் வாக்குரிமையில் வந்து சேர்ந்தார். 1917 ஜூன் 30ஆம் நாள் பம்பாயில் தம் 91ஆம் வயதில் மறைந்தார்.

நாமும் நம் வரிசையும்

விடுதலை வந்தது, வாக்குரிமையும் வந்தது. கணக்கெழுதுவோர்க்கும் அடுப்பெரிப்போர்க்கும் இடையிலான தூரம் மறைந்துவிட்டதா? 1962இல் ஒரு வல்லுநர் குழு, 1960-61 விலையில் ஆளுக்கு மாதம் 20 ரூபாய் இருந்தால் வாழலாம் என்றது. 2011 செப்டம்பரில் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் அளித்த உறுதிமொழி ஆவணத்தில், நாளொன்றுக்கு நகரத்தில் 32 ரூபாயும் கிராமத்தில் 26 ரூபாயும் வறுமைக்கோடு என்று கூறியது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பிற்று. அதன்பின் ரங்கராஜன் தலைமையில் அமைந்த குழு 2014இல் அவற்றை 47, 32 என்று உயர்த்தியது. திட்டக்குழுவே பின்னர் கலைக்கப்பட்டு, 2015இல் அவ்விடத்துக்கு நிதி ஆயோக் வந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நவ்ரோஜி காலத்தில் அரசின் எண்ணை மறுக்க ஒரு தனிமனிதர் பல்லாண்டு உழைத்தும் அது அசையவில்லை. 2011இல் மக்கள் கொதித்தெழுந்தார்கள்; மூன்றே ஆண்டுகளில் வல்லுநர்களின் எண் மாறிற்று. வாக்குரிமையின் வலிமை அதுதான்.

நவ்ரோஜியைப் படித்த பின், சென்ற கோடை விடுமுறையில் நானும் ஒரு சிறு கணக்கெடுத்தேன். கூலி வேலைக்குப் போகும் என் தாயாரிடம் கேட்டு ஒரு மாதச் செலவை நோட்டில் எழுதினேன். அரிசியே முதல் வரியில் வரும் என்று எண்ணியிருந்தேன். அரிசி நியாயவிலைக் கடையில் விலையில்லாமல் வந்துவிடுகிறது. அம்மா முதலில் சொன்னது மகளிர் குழுக் கடன் தவணை. அடுத்தது பாட்டியின் மாத்திரை. பிறகுதான் எண்ணெய், பருப்பு. பெற்ற மகனாகிய எனக்கே கேட்கும்வரை அந்த வரிசை தெரியவில்லை என்றால், எங்கள் ஊரைப் பார்த்திராத அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

கொள்கை வகுப்போர் எல்லோரும் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. மக்கள் கருத்து எப்போதும் சரியாகவே இருக்கும் என்றும் சொல்லவில்லை. கடனையும் வட்டியையும் பார்த்தே ஆகவேண்டிய பொறுப்பு ஆள்வோர்க்கு உண்டு. ஆனால் எந்த வரிசையில் பார்ப்பது என்பதை மக்களைக் கேட்காமல் முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு இல்லை.

மாணவ நண்பர்களே! நம்முள் சிலர் நாளை போட்டித் தேர்வெழுதி அலுவலகங்களில் அமர்ந்து அந்தக் கணக்குகளை எழுதப் போகிறவர்கள். மற்றவர்கள் அவற்றின் பலனை அனுபவிக்கப் போகிறவர்கள். எழுதப் போகிறவர்கள் ஒரு தொகையை நிரப்பும் முன் அதைக் கட்டுவோர் வீட்டை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மற்றவர்கள் அரசின் அறிக்கையை வாங்கிப் படித்து, கூட்டிக் கழித்துப் பார்த்து, கேள்வி கேளுங்கள். ஊரார் பணத்தில் கற்ற கல்விக்கு நாம் கட்டவேண்டிய வட்டி அதுதான்.